மதுரைப் பக்கத்துச் சிறிய சபையில் திருச்சபை வரலாற்றை எங்கிருந்து கற்கத் தொடங்கலாம்?

உங்கள் சபை தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது என்றும், 'பாட்டும் பிரசங்கமும் போதாதா, பழைய ஆராதனை முறை எதற்கு?' என்று இளைஞர்கள் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. அதற்குத் தனி வகுப்பு வேண்டாம். திருவிருந்து ஆராதனைப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலே போதும்.

அதிலுள்ள நிசேயா விசுவாசப் பிரமாணத்தின் (நம் விசுவாசத்தைச் சுருக்கமாக அறிக்கையிடும் வாசகத்தின்) வேர் 325ஆம் ஆண்டு நிசேயாவில் பேராயர்கள் கூடிய ஆலோசனைச் சங்கத்தில் இருக்கிறது. கத்தோலிக்கரும் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களும் அதைச் சொல்கிறார்கள். ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குச் செல்லும் சமாதான வாழ்த்தோ, அந்தச் சிரியன் மரபிலிருந்து நமக்கு வந்த கொடை. இதைக் கேட்டபின் அந்தக் கைகுவிப்பை யாராலும் அவசரமாகச் செய்ய முடியாது என்று நம்புகிறேன்.

பிறகு மதுரைக்கு வாருங்கள். 1606இல் இயேசு சபைத் துறவி தத்துவ போதகர் (ராபர்ட்டோ டி நோபிலி) இங்கு வந்தார். 1834இல் அமெரிக்க மிஷன் பணி தொடங்கியது. 1947 செப்டம்பர் 27இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் சேர்ந்த தென்னிந்திய ஐக்கிய சபையும் ஒன்றாகி, உங்கள் தென்னிந்தியத் திருச்சபை உருவானது; ஸ்காட்லாந்து பிரஸ்பிட்டேரியன் மரபில் வந்த லெஸ்லி நியூபிகின் மதுரை-இராமநாதபுரம் பேராயரானார். இந்த இணைப்புக்குப் பல ஆண்டுப் பேச்சுவார்த்தை தேவைப்பட்டது. யாரும் தம் மரபை எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. இளைஞர்களிடம் அதையும் மறைக்காதீர்கள்.

மாதம் ஒரு ஞாயிறு, ஆராதனைக்கு முன் பத்து நிமிடம், ஒரே ஒரு ஜெபத்தின் வரலாறு. மூத்தவர் ஒருவரும் இளைஞர் ஒருவரும் சேர்ந்து சொல்லட்டும். அருகிலுள்ள கத்தோலிக்க ஆலயத்தாரையும் ஒருமுறை அழையுங்கள்.