டியூஷனுக்கு முன் ஒரு பத்தி வாசிக்கட்டும்: தலைமையாசிரியையிடம் கேள்வி பதில்

மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் அரசுப் பள்ளிகளில் வேலை பார்த்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள் நான். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரைதான் என் அனுபவம். காலாண்டுத் தேர்வுத் தாள்கள் வீட்டுக்கு வந்திருக்கும் நேரம் இது. கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

மேலூர், ஓர் அம்மா: எம்மகன் ஏழாவது, டீச்சர். காலாண்டுல அறிவியல் 28, சமூக அறிவியல் 31. டியூஷன்ல சேத்துவிடவா? மாசம் எண்ணூறு கேக்குறாங்க.

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கம்மா. இன்று ராத்திரி அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த அறிவியல் புத்தகத்திலேயே ஒரு பத்தியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். திருத்த வேண்டாம், கேட்டால் போதும். எழுத்துக் கூட்டி வாசிக்கிற பிள்ளைக்கு, வரியின் கடைசிச் சொல்லுக்கு வரும்போது முதல் சொல் மறந்துபோகும். கேள்வித்தாள் என்ன கேட்கிறது என்பதே அவனுக்கு எட்டாது. அப்படிப்பட்ட பிள்ளையை டியூஷனில் விட்டால் அங்கேயும் விடையை எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். எண்ணூறு ரூபாய் போகும், வாசிப்பு வராது.

தடுமாறினால் மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்துக்கு இறங்குங்கள். அதிலும் தடுமாறினால் இரண்டாம் வகுப்பு. தம்பி தங்கைகள் முன்னால் அதை நீட்டாதீர்கள். ஏழாவது படிக்கிற பையனுக்குப் பெரிய அவமானம் அது. தினமும் கால் மணி நேரம் போதும். முதலில் நீங்களோ அவன் அக்காவோ விரல் வைத்து ஒரு பத்தி வாசியுங்கள். பிறகு சேர்ந்து வாசியுங்கள். அப்புறம் அவன் தனியாக. மறுநாளும் அதே பத்திதான். சொல்லுக்குச் சொல் இடைமறிக்காதீர்கள், வரி முடியட்டும். கெ–கே, கொ–கோ போன்ற இடங்களில் நிறையப் பிள்ளைகள் நிற்பார்கள். நின்ற எழுத்தைக் குறித்துவைத்து அதை மட்டும் தனியே பழக்குங்கள். ல, ள, ழ சரியாக வரவில்லை என்று வையாதீர்கள். உங்களுக்கே வாசிக்க வராவிட்டாலும் அவன் எங்கே நிற்கிறான் என்பது காதுக்குத் தெரியும். முடித்ததும் "என்னப்பா சொல்லியிருக்கு?" என்று கேளுங்கள். புரிந்ததா என்பது அந்தப் பதிலில் வந்துவிடும்.

செல்லூர், ஓர் அப்பா: மக எட்டாவது. கணக்குல பெயில். நல்ல டியூஷன் சென்டரா ஒண்ணு சொல்லுங்க.

மேலே மேலூர் அம்மாவுக்குச் சொன்னதை முதலில் செய்யுங்கள். வாசிப்பு சரியாக இருந்தால், வாய்ப்பாடு, கடன் வாங்கிக் கழித்தல், வகுத்தல், பின்னம் என்று வரிசையாகக் கொடுத்துப் பாருங்கள். எதில் நிற்கிறாளோ அங்கிருந்து தொடங்க வேண்டும். சென்டர் பெயர் நான் சொல்வதில்லை.

ஒத்தக்கடை, ஓர் அம்மா: நாலாவது படிக்கிறா. போர்டுல எழுதிப்போட்டதைத் தப்புத் தப்பா எழுதிட்டு வர்றா. கவனமே இல்லைன்னு மிஸ் சொல்றாங்க. வீட்டுல புத்தகத்தைக் குடுத்தா நல்லாத்தான் வாசிக்கிறா.

கண்ணைப் பாருங்கள். புத்தகம் கிட்ட இருக்கிறது, கரும்பலகை தூரத்தில் இருக்கிறது. பிள்ளைகள் "தெரியலை" என்று சொல்ல மாட்டார்கள், எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்வார்கள். சுவரில் இருக்கிற தினசரி காலண்டருக்குப் பத்தடி தள்ளி நிற்கவைத்து, ஒரு கண்ணை மூடி வாசிக்கச் சொல்லுங்கள், பிறகு அடுத்த கண். ஒரு கண்ணில் மட்டும் குறை இருந்தால் வீட்டில் யாருக்குமே தெரியாமல் போகும். வீட்டில் பார்த்தது எப்படி இருந்தாலும் கண் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அதுவரை முன் பெஞ்சில் உட்காரவைக்கச் சொல்லி மிஸ்ஸிடம் கேளுங்கள். "பொம்பளப் பிள்ளைக்குக் கண்ணாடியா" என்று தள்ளிப்போடுகிற வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். 1976ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் நம்ம மதுரை. இங்கே ஒரு பிள்ளை கண்ணாடி இல்லாத காரணத்தால் மக்கு என்று பெயர் வாங்கக் கூடாது.

திருமங்கலம், ஓர் அப்பா: பையன் பத்தாவது. ராத்திரி ஒரு மணி வரைக்கும் படிக்கிறான், மறுநாள் கேட்டா மறந்துட்டேங்கிறான்.

அந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். முதலில் அதைக் கொடுங்கள். திரும்பத் திரும்பப் பார்ப்பது படித்த மாதிரியே இருக்கும், ஆனால் மனத்தில் தங்காது. புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்க்கட்டும், விட்டுப்போனதை மட்டும் மறுபடி படிக்கட்டும். மறுநாள் ஒருமுறை, நாலைந்து நாள் கழித்து ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை. படித்தது முதல் நாளிலேயே வேகமாக மறந்துபோகும் என்று எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே வைத்துச் சோதித்து 1885லேயே எழுதிவிட்டார். உங்கள் மகனிடம் குறை ஒன்றும் இல்லை.

அவனியாபுரம்: நீட் கோச்சிங் எந்த வகுப்புல ஆரம்பிக்கணும்?

என் அனுபவத்துக்கு வெளியே. மேல்நிலைப் பள்ளி ஆசிரியரிடம் கேளுங்கள்.

உசிலம்பட்டிப் பக்கம், ஓர் ஆசிரியர்: நீங்க சொல்றதெல்லாம் வீட்டுக்குச் சரி டீச்சர். 45 பிள்ளைக இருக்கிற வகுப்புல குச்சி இல்லாம ஒண்ணும் நடக்காது. பெத்தவங்களே வந்து, "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க சார்"ங்கிறாங்க.

பெற்றவர்கள் சொன்னாலும் உங்களுக்கு அந்த உரிமை கிடையாது சார். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17வது பிரிவு, உடம்பில் அடிப்பதையும் மனத்தை நோகடிப்பதையும் சேர்த்தே தடுக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். குச்சி இருக்கிற வகுப்பில் முதலில் நின்றுபோவது சந்தேகம் கேட்பதுதான். தப்பான விடை சொன்னால் அடி என்றால் எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்? அந்தப் பிள்ளைக்கு எங்கே புரியவில்லை என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?

திருப்பரங்குன்றம், ஓர் அப்பா: அடியாத மாடு படியாது டீச்சர். நாங்கள்லாம் அடி வாங்கித்தான் படிச்சோம், நல்லாத்தான இருக்கோம்.

உங்களோடு ஆறாம் வகுப்பில் உட்கார்ந்தவர்களில் பத்தாவது வரைக்கும் வராதவர்கள் யார் யார் என்று யோசித்துப் பாருங்கள் ஐயா. அடிக்குப் பயந்து கண்மாய்க் கரையிலேயே பொழுதைக் கழித்துவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் இங்கே வந்து எழுத மாட்டார்கள். நீங்கள் அடி வாங்கியும் படித்தீர்கள். அடி வாங்கியதால் படித்தீர்கள் என்று நான் நம்ப மாட்டேன்.

கோரிப்பாளையம், ஓர் அம்மா: எம்மகளுக்கு ஞாயித்துக்கிழமை ராத்திரி ஆனா வயித்துவலி. டாக்டர் ஒண்ணுமில்லைங்கிறார். திங்கக்கிழமை கணக்கு டெஸ்ட்டு, ஒரு தப்புக்கு ஒரு அடியாம். உசிலம்பட்டி சார் இதுக்கு என்ன சொல்றாரு?

உசிலம்பட்டி ஆசிரியர்: நான் மார்க்குக்கு அடிக்கிறதில்லைம்மா, சேட்டைக்குத்தான். குச்சியைக் கீழ வச்சிட்டு என்ன செய்யணும்னு டீச்சர் சொல்லட்டும், கேட்டுக்கிறேன்.

கேட்டீர்களே, அதற்கு நன்றி சார். 45 பேரில் சேட்டை செய்வது நாலைந்து பேர்தான் இருப்பார்கள். அவர்களைத் தனியே கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். பாதிப் பேருக்காவது வாசிக்க வராது என்பது என் அனுபவம். புரியாத ஒன்றை முக்கால் மணி நேரம் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார நம்மாலேயே முடியாது. மேசையை விட்டு நகர்ந்து அவர்கள் பக்கத்தில் நின்று பாடம் நடத்துங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாருக்கும் கையில் ஒரு வேலை கொடுங்கள்: ஒரு வரி எழுதட்டும், இல்லை பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லட்டும். கண்டிப்பதைத் தனியாகச் செய்யுங்கள், பாராட்டுவதை எல்லார் முன்னாலும் செய்யுங்கள். அவன் ஒருநாள் ஒழுங்காகச் செய்தால் அன்று சாயங்காலமே அவன் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்திலிருந்து போன் என்றாலே பயப்படுகிற வீடுகள் அவை. ஒரு பருவம் முழுக்கச் செய்து பாருங்கள். ஒரு வாரத்தில் பலன் தெரியாது.

கோரிப்பாளையம் அம்மா, தலைமையாசிரியரிடம் நேரில் சொல்லுங்கள், எழுத்திலும் கொடுங்கள். அதற்குப் பிறகும் நிற்காவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகளுக்கான உதவி எண் 1098, இவற்றுக்குப் போன் போடுங்கள். வயிற்றுவலியை நடிப்பு என்று சொல்லாதீர்கள், அவளுக்கு நிஜமாகவே வலிக்கிறது.

சிம்மக்கல்: அஞ்சாவது பையனுக்கு டியூஷன் வேணுமா, வேண்டாமா?

மூன்றாவது முறையாக இதே கேள்வி. வாசிக்கச் சொல்லிக் கேட்டீர்களா? கேட்டுவிட்டு வாருங்கள்.

நரிமேடு: கதைப் புத்தகம் எங்க கிடைக்கும்?

நத்தம் ரோட்டில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போங்கள். எந்தப் புத்தகம் என்று பிள்ளையே எடுக்கட்டும்.

பேரையூர்: என்.எம்.எம்.எஸ். எழுதலாமா?

அது மத்திய அரசின் கல்வி உதவித்தொகைக்கான தேர்வு. அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி என்றால் எட்டாவதில் கட்டாயம் எழுதவையுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை மாதம் 1000 ரூபாய். மனத்திறனில் 90 கேள்வி, பாடத்தில் 90 கேள்வி. மனத்திறன் பகுதி பாடப் புத்தகத்தில் இருக்காது, பழைய கேள்வித்தாளை வைத்துத்தான் பழக வேண்டும்.

வாடிப்பட்டி, ஓர் அம்மா: நான் அஞ்சாவதோட நின்னவ. ஸ்கூல் கூட்டத்துக்குப் போனா "நல்லா படிக்கச் சொல்லுங்க"ன்னு சொல்லி அனுப்பிருவாங்க. என்ன கேக்குறதுன்னே தெரியலை.

"எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்காதீர்கள், அதற்கு அந்தப் பதில்தான் வரும். "வகுப்புல வாயத் திறந்து கேக்குறானா? பரீட்சையில எந்தக் கேள்விய எழுதாம விடுறான்? வீட்டுல நான் என்ன ஒண்ணு செய்யணும்?" இந்த மூன்றைக் கேளுங்கள். தேர்வுத் தாளைக் கையோடு கொண்டுபோய் அதைக் காட்டிக் கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. படிப்பு எவ்வளவு என்று அங்கே யாரும் கேட்க முடியாது. அடுத்த முறை குழுவுக்கு ஆள் எடுக்கும்போது உங்கள் பெயரைக் கொடுங்கள்.