பட்டம் பங்காளிக்கா, பேத்திக்கா?

கேள்வி: என் மகள் ஏழு வருடமாக இங்கிலாந்தில் இருக்கிறாள். கூட வேலை பார்த்த ஆங்கிலேயப் பையனையே விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டாள். கோவை சார்பதிவாளர் அலுவலகத்தில் ஸ்பெஷல் மேரேஜ் ஆக்டில் பதிவு செய்துவிட்டு, மறுநாள் மண்டபத்தில் தாலி கட்டி நம் முறைப்படியும் நடத்தினோம். சம்பந்தி ஒரு பாரன், அதாவது அந்த ஊர்ப் பிரபு. மாப்பிள்ளையின் கொள்ளுத் தாத்தாவுக்கு 1920களில் கிடைத்த பரம்பரைப் பட்டம். மாப்பிள்ளை மூத்த மகன். நாலு வயதில் எனக்கு ஒரு பேத்தி இருக்கிறாள், மகள் இப்போது மறுபடி உண்டாகியிருக்கிறாள், ஆறு மாதம். போன கிறிஸ்துமஸுக்கு சம்பந்தி வீட்டில் மாடிப்படி ஓரம் மாட்டியிருக்கும் வம்ச மரத்தைப் பார்த்து, "நான் எங்கே இருக்கேன்?" என்று பேத்தி கேட்டிருக்கிறாள். அவள் பெயர் அதில் இல்லை. அவளைவிட ஒரு வயது சின்னவனான மாப்பிள்ளையின் தம்பி மகன் பெயர் இருக்கிறது. "பையன் பிறக்காவிட்டால் எல்லாம் அவனுக்குத்தான்" என்று சம்பந்தியம்மா சாதாரணமாகச் சொன்னாராம். மகள் போனில் அழுதாள். வழக்குப் போட முடியுமா? ஒரு பையனைத் தத்தெடுத்தால்? மாப்பிள்ளை உயில் எழுதினால்? வீடும் போய்விடுமா? நம் ஊரில் நடந்த கல்யாணம் என்று பிற்பாடு யாராவது கிளப்புவார்களா? என் அக்கா மகன் இணையத்தில் 'லேடி' பட்டம் விலைக்கு வாங்கலாம் என்கிறான், அது நிஜமா?
கோவை வாசகி

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வழக்கு, உயில், தத்து எல்லாவற்றையும் தாண்டி, மாடிப்படியில் நின்று குழந்தை கேட்ட கேள்விதான் மனதைப் பிடித்துக்கொண்டது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். பட்டத்தைப் பேத்திக்கு வாங்கித்தர வழக்காலும் முடியாது, உயிலாலும் முடியாது, தத்தெடுத்தாலும் நடக்காது. ஆனால் வீடும் பணமும் வேறு கணக்கு, அதில் செய்வதற்கு நிறைய இருக்கிறது. சம்பந்தியம்மா "எல்லாம்" என்று சொன்னாரே, அந்த ஒரு சொல்லில்தான் இரண்டும் சேர்ந்து குழம்பிக் கிடக்கிறது.

பிரிட்டனில் இப்படிப்பட்ட பட்டத்தைக் கொடுக்கும்போது அரச முத்திரையோடு ஒரு பட்டயம் எழுதுவார்கள், லெட்டர்ஸ் பேட்டன்ட் என்று பெயர். முதலில் வாங்கியவருக்குப் பின்னால் அது யார் யாருக்குப் போக வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும். பெரும்பாலும் எழுதியிருப்பது ஒரே வாசகம்: அவருடைய உடலிலிருந்து முறைப்படி பிறந்த ஆண் வாரிசுகள். அதாவது மகன், மகனின் மகன், அந்த வரிசை அற்றுப்போனால் அந்த மகனின் தம்பி, தம்பியின் மகன். நமக்கு இது புரியாத விஷயமே இல்லை, அச்சு அசல் பங்காளி முறை. பெண் வயிற்றுப் பிள்ளைக்கு அதில் இடமில்லை. உங்கள் சம்பந்தி காலத்துக்குப் பின் மாப்பிள்ளை பாரன் ஆவார், அவருக்கு மகன் இல்லையென்றால் அவர் தம்பிக்கும், பிறகு தம்பி மகனுக்கும் போகும். (பேரன், பாரன் என்று காதில் ஒரே மாதிரி விழுவதால் உங்கள் உறவினர்களிடம் விளக்கும்போது கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்கள்.)

எல்லாப் பட்டமும் இப்படியில்லை. பட்டயம் இல்லாமல், மன்னர் சபைக்கு வரச்சொல்லி அனுப்பிய அழைப்பாணையை வைத்தே உண்டான சில பழைய பாரன் பட்டங்கள் மகளுக்கும் போகும். ஸ்காட்லாந்தின் பழைய பட்டங்களிலும் பல அப்படி உண்டு. ஆனால் 1920களில் கொடுத்தது என்றால் அது பட்டயத்தால் வந்ததுதான், ஆண் வாரிசு என்றுதான் அநேகமாக இருக்கும். அநேகமாக என்று ஏன் சொல்கிறேன் என்றால், கொடுக்கும்போதே மகள்களுக்கும் போகும்படி எழுதி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். மாப்பிள்ளையை அந்தப் பட்டயத்தின் நகலை எடுத்து ஒரு தடவை முழுதாகப் படிக்கச் சொல்லுங்கள். வீட்டில் சொல்லிச் சொல்லி வந்ததையே நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

இந்த வாசகம் என்ன பாடுபடுத்தும் என்பதற்கு நமக்கெல்லாம் தெரிந்த ஒருவரையே சொல்கிறேன். வங்காளத்தை 1905ல் பிரித்த வைஸ்ராய் கர்சன். அவருக்கு மூன்று மகள்கள், மகன் கிடையாது. 1911ல் அவருக்கு ஒரே சமயத்தில் மூன்று பட்டங்கள் கிடைத்தன, மூன்றுக்கும் வெவ்வேறு வழி எழுதப்பட்டது. ஏர்ல் பட்டம் அவருடைய ஆண் வாரிசுக்கு. ஸ்கார்ஸ்டேல் வைகவுன்ட் பட்டம், அவருக்கு மகன் இல்லையென்றால் அவர் அப்பாவின் மற்ற ஆண் வழியினருக்கு, அதாவது பங்காளிகளுக்கு. ராவன்ஸ்டேல் பாரன் பட்டம் மகள்களுக்கும் அவர்களின் ஆண் பிள்ளைகளுக்கும். 1921ல் மார்க்வெஸ் பட்டமும் வந்தது. 1925ல் அவர் கண்ணை மூடியதும், இருந்தவற்றிலேயே பெரிய மார்க்வெஸ் பட்டமும் அடுத்த ஏர்ல் பட்டமும் அவரோடேயே முடிந்துபோயின. ஸ்கார்ஸ்டேலும், டெர்பிஷயரில் அவர் பிறந்த கெடில்ஸ்டன் மாளிகையும் தம்பி மகனுக்குப் போயின. கல்கத்தாவில் வைஸ்ராயாக அவர் குடியிருந்த மாளிகையே இந்தக் கெடில்ஸ்டனைப் பார்த்துக் கட்டியதுதான். மகள்களுக்கு வந்தது ராவன்ஸ்டேல் மட்டும். மூத்தவர் ஐரீன் அதைப் பெற்றார், ஆனாலும் அந்தப் பட்டத்தின் பேரில் நாடாளுமன்றத்தின் மேல்சபையான பிரபுக்கள் சபையில் உட்கார அவரை விடவில்லை, ஏனென்றால் பெண். 1958ல் ஆயுட்காலப் பட்டங்களை உண்டாக்கியபோது முதன்முதலில் அது கிடைத்த நான்கு பெண்களில் அவரும் ஒருவர், அதன் வழியாகத்தான் உள்ளே போனார். பரம்பரைப் பட்டம் பெற்ற பெண்களுக்குக் கதவு திறந்தது 1963ல். ஐரீனுக்குப் பிள்ளைகள் இல்லாததால், 1966ல் அவர் இறந்ததும் தங்கையின் மகனுக்கு, அதாவது கர்சனின் பெண் வயிற்றுப் பேரனுக்கு ராவன்ஸ்டேல் போய்ச் சேர்ந்தது.

கடைசி வைஸ்ராய் மவுன்ட்பேட்டனுக்கும் இரண்டு மகள்கள்தான். பட்டம் கொடுக்கும்போதே மகள்களுக்குப் போகும்படி எழுதிவிட்டார்கள், அதனால் 1979ல் அவர் கொல்லப்பட்டபோது மூத்த மகள் பட்ரீஷியா சிக்கல் இல்லாமல் கவுன்டஸ், அதாவது பெண் ஏர்ல் ஆனார், 2017ல் அவருக்குப் பிறகு அவர் மகன். எழுதி முடித்த பட்டயத்தைப் பின்னால் திருத்த வேண்டுமென்றால் நாடாளுமன்றமே சட்டம் போட வேண்டும். மார்ல்பரோ டியூக் என்ற பெரிய பிரபுவுக்கு அப்படி நடந்தது. அவருக்கு உயிரோடு இருந்த ஒரே மகன் 1703ல் அம்மை கண்டு இறந்தான், 1706ல் சட்டம் இயற்றி மகள்களுக்கு வழி விட்டார்கள். ஆனால் அவர் பெரிய போரில் ஜெயித்துக் கொடுத்த தளபதி, நாடே அவருக்குக் கடன்பட்டிருந்த நேரம் அது. ஒரு சாதாரண பாரன் குடும்பத்துக்காக இன்று அப்படிச் சட்டம் வரும் என்று நான் உங்களுக்கு நம்பிக்கை கொடுக்க மாட்டேன்.

இது அநியாயம்தான் அம்மா. 2016ல் வெஸ்ட்மின்ஸ்டர் டியூக் இறந்தபோது இரண்டு அக்காக்கள் இருக்க, பட்டம் 25 வயதுத் தம்பிக்குப் போனது. அரியணைக்கு மட்டும் 2013ல் சட்டத்தை மாற்றி, மூத்தது பெண்ணானாலும் அவளுக்கே என்று ஆக்கினார்கள். பட்டங்களுக்கும் அதையே செய்ய அதே வருடம் பிரபுக்கள் சபையில் ஒரு தனிநபர் மசோதா வந்தது, நிறைவேறவில்லை. மன்னர் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு நியாயம், பிரபு வீட்டுப் பெண்ணுக்கு வேறு நியாயம் என்று இன்னும் வைத்திருப்பதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

தத்து விஷயத்துக்கு வருகிறேன். தத்துப் பிள்ளை பட்டத்துக்கு வாரிசு ஆக முடியாது. 2004ல் ஒரு அரசாணை, பெயருக்கு முன்னால் போடும் மரியாதை அடைமொழியைத் தத்துப் பிள்ளைகளுக்கும் அனுமதித்தது, அவ்வளவுதான். ஒரு குழந்தையை வளர்க்க ஆசைப்பட்டு எடுங்கள், பட்டத்துக்காக மட்டும் எடுக்கவே வேண்டாம், பிற்பாடு அந்தப் பிள்ளைக்கும் மனசு நோகும். மாப்பிள்ளை பட்டத்தைத் துறந்தாலும் பேத்திக்கு அது வராது. 1963 சட்டப்படி, கைக்கு வந்த ஒரு வருடத்துக்குள் துறக்கலாம், ஆனால் அவர் ஆயுள்வரை மட்டுமே அது உறங்கும். டோனி பென் என்ற அரசியல்வாதி மக்கள் சபையில் இருப்பதற்காகப் பல வருடம் போராடி அந்தச் சட்டத்தை வரவைத்து, தன் வைகவுன்ட் பட்டத்தைத் தூக்கிப் போட்டார். 2014ல் அவர் இறந்ததும் அது அப்படியே மூத்த மகனுக்குப் போய்விட்டது.

வழக்கும் வேண்டாம். நீதிமன்றம் பார்ப்பது ரத்தத்தையும் பட்டயத்து வாசகத்தையும்தான், யார் பாசமாக வளர்ந்தார்கள், யாருக்குத் தகுதி என்பதையெல்லாம் பார்க்காது. ஸ்காட்லாந்தில் பிரிங்கிள் என்ற குடும்பம், பட்டம் 1683ல் வந்தது. 2016ல் பிரிவி கவுன்சில் என்ற உயர் நீதிக் குழு மரபணுச் சோதனையை ஏற்று, முந்தைய தலைமுறைகளில் ஒருவர் அந்த வம்சத்து ரத்தமே இல்லை என்று கண்டு, இத்தனை காலம் வைத்திருந்த கிளையிடமிருந்து எடுத்து இன்னொரு கிளைக்குப் பட்டத்தைக் கொடுத்துவிட்டது. அதற்கு முன் பட்டத்தை வைத்திருந்தவர் கடற்படை வீரர்களுக்குத் தலைமை வகித்து, குண்டுவெடிப்பில் ஒரு காலை இழந்த மனிதர். அதெல்லாம் கணக்கில் வரவில்லை.

இப்போது கல்யாண விஷயம். நீங்கள் பயப்படுவது வீண் பயமில்லை, ஒரு இந்தியக் குடும்பம் இதில் சிக்கித் தவித்திருக்கிறது. சத்யேந்திர பிரசன்ன சின்ஹா, வங்காளத்துக்காரர், 1919ல் ராய்ப்பூர் சின்ஹா பிரபு ஆனார். பிரபுக்கள் சபையில் உட்காரும் பரம்பரைப் பட்டம் வாங்கிய ஒரே இந்தியர் அவர்தான். 1928ல் அவர் காலமானதும் மகன் அருண் உரிமை கோரினார். அவர் பெற்றோரின் கல்யாணம் இந்து முறைக் கல்யாணம், அந்தக் காலத்து இந்துச் சட்டம் ஒருவன் பல பெண்களைக் கட்டலாம் என்றது, அப்படியிருக்க அவர் முறையான வாரிசா என்ற கேள்வி குறுக்கே வந்தது. இத்தனைக்கும் அவர் அப்பாவுக்கு ஒரே மனைவிதான். அருண் பிறப்பதற்கு முன்பே பெற்றோர் ஒருதார மணத்தை வற்புறுத்தும் பிரம்ம சமாஜத்தில் சேர்ந்துவிட்டார்கள், அதைக் காட்டித்தான் 1939ல் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. பதினோரு வருடம்! தன் அம்மா அப்பா வாழ்ந்த வாழ்க்கையை ஒரு குழுவின் முன் நிரூபிக்க வேண்டிவந்த அந்த மகனை நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

உங்கள் மகளுக்கு அந்தச் சிக்கல் வராது. ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட் ஒருதார மணத்துக்கான சட்டம், மாப்பிள்ளை வேறு மதம் என்பதால் நீங்கள் செய்தது சரியான வழியும்கூட. தாலி கட்டியதோடு நிறுத்தியிருந்தால் நான் கவலைப்பட்டிருப்பேன். பிறக்கப்போவது பையன் என்றால் ஒருநாள் அவன் தன் உரிமையைக் காட்டிப் பிரபுப் பட்டம் உள்ளவர்களின் பதிவேட்டில் ஏற வேண்டும். அந்தப் பதிவேடு 2004லிருந்து இருக்கிறது, அதில் பெயர் ஏறாதவரை அரசாங்கக் காகிதங்களில் அந்தப் பட்டத்தால் குறிப்பிட மாட்டார்கள். பிறப்புச் சான்று, பெற்றோரின் திருமணச் சான்று எல்லாம் கேட்பார்கள்.

சரி, வீடு. இதில்தான் நீங்கள் சுறுசுறுப்பாக இருக்க வேண்டும். இங்கிலாந்தில் உயில் இல்லாமல் இறந்தவரின் நிலம் மூத்த மகனுக்கே என்ற பழைய விதியை 1925ல் எடுத்துவிட்டார்கள். பட்டம் போகும் இடத்துக்கு வீடும் கூடவே போக வேண்டும் என்று இன்றைக்குச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் பல குடும்பங்கள் வீட்டையும் நிலத்தையும் ஒரு டிரஸ்டில் போட்டு, பட்டம் யாரிடமோ அவருக்கே அனுபவ உரிமை என்று எழுதி வைத்திருக்கின்றன. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: வீடு சம்பந்தியின் சொந்தப் பெயரில் இருக்கிறதா, டிரஸ்டில் இருக்கிறதா? சொந்தப் பெயரில் என்றால் அவர் உயிலில் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், பேத்திக்கும் எழுதலாம். டிரஸ்ட் என்றால் அந்தப் பத்திரத்தில் பயனாளிகள் யார், மகள்கள் உண்டா, மாற்றும் அதிகாரம் யாருக்கு என்று சொலிசிட்டரை, அதாவது அங்கத்து வக்கீலை வைத்துப் படிக்க வேண்டும். இதைக் கேட்க வேண்டியவர் மாப்பிள்ளை, உங்கள் மகள் அல்ல. மருமகள் கேட்டால் சொத்துக்கு ஆசைப்படுகிறாள் என்று ஆகும், எந்த ஊரானாலும் அது அப்படித்தான். மாப்பிள்ளையின் சொந்தச் சம்பாத்தியம் முழுக்க அவர் கையில். அதற்கு உயில் இல்லையென்றால் குழந்தை பிறப்பதற்கு முன்பே எழுதச் சொல்லுங்கள்.

பட்டம் போனால் பேத்தி என்ன இழக்கிறாள் என்றும் பார்த்துவிடுங்கள். பரம்பரைப் பிரபுக்களில் 92 பேர் தவிர மற்றவர்களை 1999லேயே சபையிலிருந்து அனுப்பிவிட்டார்கள், மிச்சமிருந்தவர்களையும் அனுப்ப 2024ல் அரசே மசோதா கொண்டுவந்தது. மாப்பிள்ளை பாரன் ஆகும் நாளில் உங்கள் மகள் லேடி என்று அழைக்கப்படுவாள், பேத்தி பெயருக்கு முன்னால் 'தி ஆனரபிள்' என்று போடுவார்கள். இணையத்தில் விற்கும் 'லேடி' பட்டத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், பிரபுப் பட்டங்களை வாங்கவும் முடியாது விற்கவும் முடியாது, பட்டம் வாங்கித் தருகிறேன் என்று காசு வாங்குவது 1925லிருந்தே அங்கே குற்றம்.

அப்புறம் அந்த மாடிப்படி. வம்ச மரம் வீட்டுக்காரர்கள் தாங்களே எழுதி மாட்டியது, பட்டயம் அல்ல. அதில் யார் பெயரை எழுதுவது என்பதற்கு எந்தச் சட்டமும் கிடையாது. சம்பந்தியம்மா சாதாரணமாகச் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரும் அந்த மரத்தில் இன்னொரு வீட்டிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட பெயர்தான், அவருடைய பிறந்த வீட்டு மரத்தில் அவரை எப்படி எழுதியிருந்தார்களோ. அதனால் சண்டையாகப் பேசாமல், மாப்பிள்ளையே தன் அப்பாவிடம், குழந்தை கேட்டாள், அவள் பெயரை எழுதிவிடலாமா என்று கேட்கட்டும். இரண்டாவது குழந்தை பிறப்பதற்கு முன்பே கேட்கட்டும். பையன் பிறந்த பிறகு இரண்டு பெயரையும் சேர்த்து எழுதினால், தம்பி வந்ததால்தான் தனக்கு இடம் கிடைத்தது என்று அவளுக்குத் தோன்றிவிடும், நாலு வயதுக் குழந்தைக்கு இதெல்லாம் நன்றாகவே புரியும்.

பிரசவத்துக்கு நீங்கள் எப்படியும் போவீர்கள். கிளம்புவதற்கு முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் திருமணப் பதிவின் சான்றிட்ட நகல் இரண்டு வாங்கி, வெளிநாட்டில் செல்லுபடியாகும் அப்போஸ்டில் முத்திரை போட்டு எடுத்துப்போங்கள். ஒன்று மகளிடம் இருக்கட்டும், இன்னொன்றை மாப்பிள்ளையின் சொலிசிட்டரிடம் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள்.