கிட்டார் டேப் மென்பொருள்: வாசகர்களின் ஐயங்கள்

கேள்வி: மிடி (ஒலிப்பதிவு அல்லாமல் இசைக் கட்டளைகள் அடங்கிய) கோப்பு ஒன்றை டக்ஸ்கிட்டார் என்ற டேப் மென்பொருளில் திறந்தேன். ஒலி சரியாக இருக்கிறது. ஆனால் டேப்பில் (எந்தத் தந்தியில் எங்கே விரல் வைப்பது என்பதை எண்களால் காட்டும் குறிமுறை) காட்டும் இடங்களில் விரல் வைக்கவே முடியவில்லை. மென்பொருளில் பிழையா?

பதில்: பிழையன்று. எந்த ஸ்வரம், எப்போது, எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தத்துடன் ஒலிக்க வேண்டும் என்பதையே மிடி கோப்பு பதிவு செய்கிறது. எந்தத் தந்தியில், எந்த ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் உலோகக் கம்பிகளால் பிரிக்கப்பட்ட கட்டம்) வாசிப்பது என்ற செய்தி அதில் இருப்பதில்லை. வழக்கமான ட்யூனிங்கில், முதல் தந்தியை அழுத்தாமல் மீட்டும்போது எழும் ஸ்வரம் இரண்டாம் தந்தியின் 5ஆம் ஃப்ரெட்டிலும், மூன்றாம் தந்தியின் 9ஆம் ஃப்ரெட்டிலும், நான்காம் தந்தியின் 14ஆம் ஃப்ரெட்டிலும் கிடைப்பதால், அவற்றுள் ஒன்றை மென்பொருள் ஊகித்துத்தான் எழுதுகிறது. ஆகவே, ஒவ்வொரு பகுதிக்கும் இடக்கை எங்கே நிற்கும் என்பதை முதலில் முடிவு செய்து, நான்கு ஃப்ரெட் எல்லைக்குள் அடங்குமாறு ஸ்வரங்களைப் பக்கத்துத் தந்திகளுக்கு மாற்றுங்கள். இதற்குப் பொறுமை வேண்டும். ஆனால் கிட்டாரை மடியில் வைத்து வாசித்துப் பார்த்துக்கொண்டே திருத்துபவருக்கு அந்த இசை மனப்பாடமாகிவிடும் என்பதால், இவ்வேலையை நான் வீண் என்று கருதுவதில்லை. கோப்பைத் தந்தவரிடம் கிட்டார் ப்ரோ என்ற டேப் மென்பொருளின் கோப்பு வடிவம் இருந்தால் அதையே கேட்டு வாங்குங்கள். தந்தியும் ஃப்ரெட்டும் அதில் பதிவாகியிருக்கும்.

கேள்வி: மியூஸ்ஸ்கோர் என்ற இசை எழுதும் மென்பொருளில் பியானோவுக்கு எழுதியதைக் கிட்டாரில் வாசித்தால் ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பது ஏன்?

பதில்: கிட்டார் இசை, ஒலிப்பதைவிட ஒரு ஸ்தாயி மேலே எழுதப்படுவது மரபு. கீழே 8 என்ற எண் கொண்ட ட்ரெபிள் கிளெஃபை (இசைக் கோடுகளின் தொடக்கத்தில் வரும் குறி) தேர்ந்தால், மென்பொருளும் கிட்டார் ஒலிக்கும் ஸ்தாயியிலேயே வாசிக்கும்.

கேள்வி: ஒரு தந்திக்கு மட்டும் பெண்ட் (தந்தியை வளைத்துச் சுருதியை உயர்த்துவது) கொடுத்தேன். மிடியாக மாற்றியபின், உடன் ஒலிக்கும் மற்ற தந்திகளும் சேர்ந்து வளைகின்றன.

பதில்: மிடியில் சுருதியை வளைக்கும் கட்டளை தனி ஸ்வரத்துக்கன்றி, அது ஒலிக்கும் சேனல் (கட்டளைகள் செல்லும் தனித் தடம்) முழுவதற்கும் பொருந்தும். வளையும் ஸ்வரங்களை வேறொரு ட்ராக்கில் எழுதி, அதற்குத் தனிச் சேனல் ஒதுக்குங்கள்.

கேள்வி: கோடுகளும் எண்களுமாக வெறும் எழுத்தில் தட்டச்சு செய்த டேப்பை மென்பொருளில் ஒட்டி வாசிக்க வைக்கலாமா?

பதில்: அத்தகைய டேப்புகளில் பெரும்பாலும் ஸ்வரத்தின் கால அளவு குறிக்கப்படுவதில்லை. எண்களை நீங்களே உள்ளிட்டு, மூல ஒலிப்பதிவைப் பாதி வேகத்தில் கேட்டபடி ஒவ்வொன்றுக்கும் கால அளவைக் கொடுங்கள். தாளமும் டெம்போவும் முதலிலேயே குறிக்கப்பட்டிருந்தால், ஒரு பாருக்குள் (இரு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட தாளப் பகுதி) கணக்கு இடிக்கும் இடம் உடனே கண்ணில் படும்.