சான்றிதழ் தருவது தேர்வு, ஏஜெண்டு அல்ல

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. பள்ளிக்குப் போகப் பிடிவாதமாக மறுக்கிறான். வீட்டிலிருந்தே வணிகவியல், கணக்கியல், பொருளியல் மூன்றையும் ஐ.ஜி.சி.எஸ்.இ. (பிரிட்டிஷ் முறை இடைநிலைத் தேர்வு) பாடங்களாக ஆன்லைனில் படிக்கலாம் என்கிறார் ஓர் ஏஜெண்டு. ஆறு மாதத்தில் முடித்துவிடலாமாம், சான்றிதழுக்கு உத்தரவாதமாம், எம்.கியூ.ஏ. (மலேசியத் தகுதி முகமை) அங்கீகாரமும் உண்டாம். மொத்தப் பணத்தையும் இப்போதே கட்டினால் தள்ளுபடி. நம்பலாமா?
– செந்தூல் வாசகி, கோலாலம்பூர்

பதில்: வீட்டிலிருந்து தாராளமாகப் படிக்கலாம். அந்த ஏஜெண்டிடம் மட்டும் பணம் கட்டாதீர்கள்.

பாடம் நடத்துவது ஒரு வேலை, தேர்வு நடத்துவது வேறு வேலை. சான்றிதழ் கொடுப்பது கேம்பிரிட்ஜ் அல்லது பியர்சன் எட்எக்செல் வாரியம். அதற்கு உங்கள் மகன் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். பள்ளியில் சேராதவர்கள் பிரிட்டிஷ் கவுன்சில் போன்ற மையத்தில் சொந்தமாகப் பதிவு செய்துகொள்ளலாம். ஆன்லைன் நிறுவனம் எவ்வளவு அழகாகப் பாடம் நடத்தினாலும், பெயரைப் பதியாவிட்டால் கையில் மிஞ்சுவது அவர்களே அச்சடித்த ஒரு தாள்தான். ஆகவே ஏஜெண்டிடம் முதலில் கேட்க வேண்டியது கேம்பிரிட்ஜ் மைய எண். மலேசிய மையம் என்றால் 'எம்.ஒய்.' என்ற இரண்டு எழுத்தும் மூன்று இலக்கமும் இருக்கும். "அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம்" என்று பதில் வந்தால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். பாடக் கட்டணத்தை மாதாமாதம் கட்டுங்கள், தேர்வுக் கட்டணத்தை மையத்துக்கே நேராகக் கட்டி ரசீது வாங்குங்கள். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து 'பேக்கேஜ்' என்று விற்பதில்தான் இவர்களுடைய லாபமெல்லாம் இருக்கிறது.

எம்.கியூ.ஏ. கதை இன்னும் மோசம். அந்த அமைப்பு பார்ப்பது உயர்கல்வியை. இடைநிலைப்பள்ளிப் பாடத்துக்கு அதன் அங்கீகாரம் உண்டு என்று ஒருவர் சொன்னால், ஒன்று அவருக்கு விஷயம் தெரியவில்லை, இல்லையென்றால் உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். தேர்வே இல்லாமல் 'அமெரிக்க ஹைஸ்கூல் டிப்ளோமா' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதையும் இந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள்.

ஆறு மாதம் போதுமா? ஒரு பாடத்துக்கு ஏறத்தாழ 130 மணி நேரக் கற்பித்தல் தேவை என்கிறது கேம்பிரிட்ஜ். மூன்று பாடத்துக்கு 390 மணி. 26 வாரத்தில் முடிக்க வேண்டுமென்றால் வாரத்துக்கு 15 மணி நேரம் பாடம், வீட்டுப் பயிற்சி அதற்கு மேல். பள்ளிக்கே போக மறுக்கும் பையன் கணினி முன்னால் தனியாக இவ்வளவு நேரம் உட்காருவானா என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஓர் ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மே-ஜூன் தேர்வுக்கு ஆண்டுத் தொடக்கத்திலேயே பதிவு மூடிவிடும், அக்டோபர்-நவம்பர் தேர்வுக்கு ஆண்டின் நடுவில். தவறவிட்டால் தாமதக் கட்டணம், அதையும் விட்டால் அடுத்த தேர்வுதான். நம் நாட்டு ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். பதிவுக்கு இன்னொரு காலம், இன்னொரு இணையத்தளம். பெற்றோருக்கு இவற்றையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதிவைக்க எந்த அலுவலகத்துக்கும் மனம் வராததால்தான் ஏஜெண்டுகள் பிழைக்கிறார்கள்.

பாடங்களுக்கு வருவோம். கேம்பிரிட்ஜில் வணிகவியல் 0450, கணக்கியல் 0452, பொருளியல் 0455. பாடத்திட்டம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும், எண்ணும் மாறலாம். மகன் எழுதப்போகும் ஆண்டு பாடத்திட்டத்தின் அட்டையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புத்தகம் வாங்குங்கள். தனியாகப் படிப்பவர்கள் அதிகம் சறுக்குவது கணக்கியலில். இரட்டைப் பதிவு, வங்கிச் சரிக்கட்டல், தேய்மானம் எல்லாம் வீடியோவில் பார்க்கும்போது எளிதாகத்தான் தெரியும். பேரேட்டைக் கையால் போட்டுப் பார்க்காதவனுக்கு 1 மணி 45 நிமிடம் ஓடும் இரண்டாம் தாளில் நேரம் போதாது. 100 மதிப்பெண் கொண்ட அந்தத் தாளுக்குத்தான் மொத்தத்தில் 70 விழுக்காடு. விடைத்தாளைத் திருத்திக் கொடுக்க ஆள் இருக்கிறாரா என்று நிறுவனத்தைக் கேளுங்கள். வணிகவியலின் இரண்டாம் தாளில் ஒரு நிறுவனத்தின் கதையைக் கொடுத்துக் கேள்வி கேட்பார்கள். மனப்பாடம் செய்த விளக்கத்தை எழுதினால் பாதி மதிப்பெண்கூடத் தேறாது, அந்த நிறுவனத்தோடு பொருத்தி எழுத வேண்டும். பழைய தாள்களும் மதிப்பெண் வழிகாட்டிகளும் கேம்பிரிட்ஜ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதே தாள்களை 'ரகசியக் குறிப்பு' என்று விற்கவும் ஆள் இருக்கிறது.

இந்த மூன்று பாடம் மட்டும் போதாது. தனியார் கல்லூரியில் டிப்ளோமாவுக்குக் குறைந்தது 3 கிரெடிட் (சி அல்லது அதற்கு மேல்), பட்டப்படிப்புக்கு முந்தைய ஃபவுண்டேஷனுக்கு 5. ஆங்கிலத்தையும் கணிதத்தையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

ஏஜெண்டுகள் வாயே திறக்காத விஷயம் மலாய்மொழி. அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கும் பெரும்பாலான அரசு வேலைகளுக்கும் எஸ்.பி.எம். மலாய்மொழியில் கிரெடிட் கேட்பார்கள். தனியார் கல்லூரிதானே என்று விட்டாலும், அந்தக் கிரெடிட் இல்லாத மலேசிய மாணவன் அங்கே 'பஹாசா கெபாங்சாஆன் ஏ' என்ற மலாய்மொழிப் பாடத்தைக் கூடுதலாக எடுக்க வேண்டிவரும். ஐ.ஜி.சி.எஸ்.இ.யில் உள்ள மலாய்ப் பாடம் இதற்கு ஈடு என்று யாராவது சொன்னால், மகன் சேரப்போகும் இடத்திலிருந்து எழுத்தில் வாங்குங்கள், வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். எஸ்.பி.எம். மலாய்மொழித் தாளைச் சொந்தமாகப் பதிந்து எழுதலாம். படிவத்தில் 'சாலோன் பெர்சென்டிரியான்' என்றிருக்கும், தனித்தேர்வர் என்று பொருள். எழுத்துத் தாள் இரண்டோடு பேச்சுத் தேர்வும் கேட்டல் தேர்வும் இருப்பதால் அந்தத் தேதிகளையும் கவனியுங்கள். ஆனால் ஒற்றைப் பாடத்தால் எஸ்.பி.எம். சான்றிதழ் வந்துவிடாது. அதற்கு மலாய்மொழியோடு வரலாற்றிலும் தேர்ச்சி வேண்டும், இது 2013 முதல் உள்ள விதி. எனவே மகன் வரலாற்றையும் சேர்த்து எழுதித் தேறிவிட்டால் பின்னால் அந்தக் கதவு அடைபடாது. முழு எஸ்.பி.எம்.மையே இப்படிச் சொந்தமாக எழுதலாம், செலவும் மிகக் குறைவு. அதில் கமிஷன் இல்லை, ஆகவே அதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பதிவு முடிந்ததும் மையத்திலிருந்து பதிவுச் சீட்டு வரும். பெயர் மைகாட் அடையாள அட்டையில் இருப்பதுபோல், 'ஏ/எல்' உட்பட, எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்கிறதா, பாட எண்ணும் தேதியும் சரியா என்று அன்றே பாருங்கள். தவறு இருந்தால் உடனே மையத்துக்கு எழுதுங்கள். சான்றிதழ் அச்சான பிறகு திருத்துவது என்றால் தனிக் கட்டணம், தனி அலைச்சல்.