மஞ்சள் காமாலை போய்விட்டது, கிருமி போய்விட்டதா?

கேள்வி: போன வருடம் ஹெபடைடிஸ் பி (மஞ்சள் காமாலை தரும் கல்லீரல் வைரஸ் தொற்று) வந்தது. இப்போது ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. நெகட்டிவ், ஆன்டி ஹெச்.பி.எஸ். 85. தை மாதம் கல்யாணம். மனைவிக்குத் தொற்றுமா? ரத்த தானம் செய்யலாமா?
- வாசகர், பெரம்பூர், சென்னை

பதில்: கவலையில்லாமல் கல்யாணம் செய்துகொள்ளுங்கள். ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. என்பது வைரஸின் மேலுறைப் புரதம். அது மறைந்து, எதிர்ப்புப் புரதமான ஆன்டி ஹெச்.பி.எஸ். 10-க்கு மேல் வந்துவிட்டால் நோய் அடங்கிவிட்டது என்று பொருள். உங்களிடமிருந்து தாம்பத்தியத்தில் மனைவிக்குத் தொற்றாது. பெரியவர்களாக இருக்கும்போது இந்தத் தொற்று வந்தால், நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இப்படித்தான் தானாகக் குணமாகிறார்கள். ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. ஆறு மாதம் தாண்டியும் பாசிட்டிவாகவே இருந்தால்தான் அது நாள்பட்ட தொற்று.

ஆனால் ஒன்றை மறக்கவே கூடாது. வைரஸின் மரபணு கல்லீரல் செல்களுக்குள் ஒடுங்கிக் கிடக்கும். பின்னாளில் கீமோதெரபி, ரிடுக்ஸிமாப் ஊசி, நீண்டநாள் ஸ்டீராய்டு என நோய் எதிர்ப்பைக் குறைக்கும் சிகிச்சை எடுத்தால் அது மறுபடி கிளம்பலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். எந்த டாக்டரிடம் போனாலும் இந்தப் பழைய தொற்றைச் சொல்லுங்கள், ரிப்போர்ட்டையும் பத்திரமாக வையுங்கள். சிகிச்சைக்கு முன்பே தடுப்பு மாத்திரை தருவார்கள்.

ரத்த தானம் வேண்டாம். நம் நாட்டு விதிப்படி ஹெபடைடிஸ் பி வந்தவர்களிடம் ரத்தம் எடுப்பதில்லை.

மணப்பெண் தடுப்பூசி போடாதவர் என்றால் 0, 1, 6 மாதங்களில் மூன்று ஊசி போட்டுக்கொள்வது எப்படியும் நல்லது.