எந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்த்தார்கள்?

கேள்வி: என் மகனுக்கு 26 வயது. குழந்தையாக இருந்தபோது பெருந்தமனிச் சுருக்கத்திற்கு (இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் பெரிய குழாய் பிறவியிலேயே ஓரிடத்தில் குறுகியிருப்பது) அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது நலமாக இருக்கிறான். இத்தகையவர்களுக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடிக்கக்கூடும் என்று சொல்லி, ஒரு தரகர் ஸ்கேன் பேக்கேஜ் எடுக்க வற்புறுத்துகிறார். எடுக்கலாமா?

பதில்: உங்கள் அச்சத்திற்கு அடிப்படை உண்டு. மூளைத் தமனியின் சுவர் பலவீனமான இடத்தில் குமிழ்போல் புடைப்பது பொதுமக்களில் 100 பேரில் இரண்டு மூன்று பேரிடம் காணப்படுகிறது. பெருந்தமனிச் சுருக்கத்துடன் பிறந்து பெரியவர்களானவர்களிடம் ஏறத்தாழ 10 பேரிடம். இவற்றில் பெரும்பாலானவை சிறியவை, வெடிக்காதவை. பிறவி இதய நிபுணர் பரிந்துரைத்தால் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பார்க்க வேண்டியது ரத்தக்குழாய்களைக் காட்டும் எம்.ஆர். ஆஞ்சியோகிராம். பேக்கேஜில் பெரும்பாலும் இருப்பது சாதாரண மூளை ஸ்கேன். அதில் சிறிய குமிழ் தெரியாமலே போகலாம். 'நார்மல்' என்ற தாளைக் கொடுத்துவிட்டுத் தரகர் போய்விடுவார். தயவுசெய்து அவரிடம் ஏமாறாதீர்கள்.

குமிழைவிட எனக்குக் கவலை தருவது ரத்த அழுத்தம். சுருக்கத்தைச் சரிசெய்த பிறகும் பலருக்கு அது உயர்ந்தே இருக்கும். மூளைக்குழாய்களை ஆண்டுக்கணக்கில் நைய வைப்பது அதுதான். ஒரு வகை அறுவையில், இடக்கைக்குப் போகும் தமனியை வெட்டி, அதையே ஒட்டாக வைத்துப் பெருந்தமனியை அகலப்படுத்துவார்கள். அப்படிச் செய்யப்பட்டவர்களுக்கு இடக்கை அளவு பொய்யாகக் குறைந்து காட்டும். என்னிடம் வந்த ஓர் இளைஞருக்கு இடக்கையில் 116, வலக்கையில் 164. பல ஆண்டுகளாக அவருக்கு இடக்கையில்தான் பார்த்திருக்கிறார்கள். ஆகவே வலக்கையில் பார்க்கச் சொல்லுங்கள். இதற்கும் ஒரு விலக்கு உண்டு: சிலருக்கு வலக்கைத் தமனியே இடம் மாறி, சுருக்கத்திற்குக் கீழிருந்து கிளைத்திருக்கும், சுருக்கம் மிச்சமிருந்தால் அதற்குக் கீழே அழுத்தம் குறைவாக இருக்கும் என்பதால் அவர்களிடம் வலக்கையும் ஏமாற்றும். அரிதானதுதான், ஆனால் தவறவிட்டால் எந்தக் கையின் அளவையும் நம்ப முடியாது என்பதால் அழுத்திச் சொல்கிறேன். உங்கள் மகன் எந்த வகை என்பதை அறுவைக் குறிப்பு சொல்லும்.

அந்தக் குறிப்பைத்தான் யாரும் கொடுப்பதில்லை! பதினெட்டு வயதானதும் குழந்தைகள் பிரிவு கைகழுவிவிடுகிறது, பெரியவர்கள் பிரிவு 'பழைய கோப்பு எங்கே' என்று கேட்கிறது. நடுவில் நோயாளி தொலைந்துபோகிறார். அறுவை நடந்த மருத்துவமனையில் எழுத்துமூலம் கேட்டு நகல் வாங்குங்கள்.

இதற்கு முன் அனுபவித்திராத கடுமையான தலைவலி நொடிப்பொழுதில் இடிபோல் தாக்கினால், ஸ்கேன் மையத்திற்கு அல்ல, நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். பெருந்தமனிச் சுருக்க அறுவை நடந்தவர் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.