மூன்று ரசீது போட்டாலும் காப்பீடு ஒன்றுதான்

கும்பகோணத்திலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்கிறார்: "பணிக்கொடையில் வந்த 14 லட்சம் ரூபாயை நகரக் கூட்டுறவு வங்கி ஒன்றில், இரண்டு கிளைகளில், என் பெயரில் மூன்று டெபாசிட் ரசீதுகளாகப் போட்டிருக்கிறேன். ரசீதுக்கு 5 லட்சம் காப்பீடு உண்டு, பயமில்லை என்றார்கள். மகனோ உடனே எடுத்துவிடச் சொல்கிறான். யார் சொல்வது சரி?"

ஐயா, ரசீதுக்கு 5 லட்சம் என்று சொன்னது தவறு. வங்கி முடங்கினால் டெபாசிட் பணத்தைத் தரும் காப்பீட்டுச் சட்டம் ரசீதை எண்ணுவதில்லை, ஆளைத்தான் எண்ணுகிறது. ஒரே வங்கியில் உங்கள் தனிப்பெயரில் எத்தனை கிளைகளில் எத்தனை கணக்கு இருந்தாலும், சேமிப்புக் கணக்கையும் சேர்த்து, அசலும் வட்டியுமாக மொத்தம் 5 லட்சம்தான். உங்கள் பணத்தில் 9 லட்சத்துக்கு மேல் இன்று காப்பீட்டுக்கு வெளியே நிற்கிறது.

1960இல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி மூடப்பட்டதன் அதிர்ச்சியில் வந்ததுதான் இந்தச் சட்டம். 1962 ஜனவரி 1 அன்று காப்பீடு தொடங்கியபோது வரம்பு 1,500 ரூபாய். 1993இல் அது ஒரு லட்சமானது. அப்புறம் 27 ஆண்டுகள் யாரும் அதைத் தொடவில்லை. 2019 செப்டம்பரில் பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கி முடங்கி, முதலில் 1,000 ரூபாய் மட்டும்தான் எடுக்கலாம் என்று கட்டுப்பாடு வந்தது. அந்த வேதனையை நாடே பார்த்த பிறகுதான், 2020 பிப்ரவரியில் வரம்பு 5 லட்சமானது.

வரம்பு உயர்ந்ததைவிட 2021இல் வந்த திருத்தத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அதற்கு முன் வங்கியின் உரிமம் ரத்தாகி, கலைப்பு வேலை தொடங்கும்வரை காப்பீட்டுப் பணம் வராது. வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. இப்போது ரிசர்வ் வங்கி பணம் எடுக்கக் கட்டுப்பாடு விதித்தாலே, 90 நாளுக்குள் ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனமான டெபாசிட் காப்பீட்டுக் கழகம் பணத்தைத் தர வேண்டும். வேறு வங்கியோடு இணைக்கும் முயற்சி நடந்தால் இன்னொரு 90 நாள் தள்ளிப்போகலாம். ஆகவே மருத்துவச் செலவுக்கென்று வைத்திருக்கும் பணத்தை, காப்பீடு இருந்தாலும், இந்த ஒரே வங்கியில் வைக்காதீர்கள்.

மகன் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. 1926இல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் என்ற தனியார் வங்கி 2020 நவம்பரில் தடுமாறியபோது, பணம் எடுக்க 25,000 ரூபாய் வரம்பு விதித்து, பத்தே நாளில் டிபிஎஸ் வங்கியோடு இணைத்துவிட்டார்கள். பங்குதாரர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் டெபாசிட்தாரர்களுக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டமில்லை. கூட்டுறவு வங்கிகளுக்கு இவ்வளவு சீக்கிரம் கைகொடுக்க ஆள் கிடைப்பதில்லை.

அதற்காக நாளைக்கே எல்லா ரசீதையும் உடைத்து வட்டியை இழக்க வேண்டாம். முதலில் வங்கியின் ஆண்டறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். நிகர வாராக்கடன் (திரும்பி வராத கடனில், அதற்கென வங்கி ஒதுக்கிவைத்தது போக மிச்சம்) 3 சதவீதத்தைத் தாண்டினால் தாமதிக்காமல் பணத்தை நகர்த்துங்கள். நன்றாக இருந்தால், ரசீது முதிர முதிரப் பிரியுங்கள்: உங்கள் பெயரில் கொஞ்சம், மனைவியின் பெயரில் கொஞ்சம், இருவர் பெயரில் கூட்டாகக் கொஞ்சம். கூட்டுக் கணக்குக்குச் சட்டத்தில் தனியாக 5 லட்சம் உண்டு. மிச்சம் வேறு வங்கிக்குப் போகட்டும்.

ஒவ்வொன்றிலும் முழு 5 லட்சம் போட்டுவிடாதீர்கள். வட்டி சேர்ந்ததும் வரம்பு தாண்டிவிடும். நாலரை லட்சம் போட்டு, வட்டியை மாதாமாதம் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வங்கியில் நகைக்கடன் ஏதாவது இருந்தால், அதைக் கழித்துக்கொண்டுதான் காப்பீட்டுப் பணம் வரும் என்பதும் நினைவிருக்கட்டும்.

இன்னொன்று. ஊரில் நாம் 'சொசைட்டி பேங்க்' என்று சொல்லும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கும், நிதி நிறுவனங்களுக்கும் இந்தக் காப்பீடு கிடையாது. உங்களுடையது உண்மையிலேயே நகரக் கூட்டுறவு வங்கிதானா என்பதை, டெபாசிட் காப்பீட்டுக் கழகத்தின் இணையதளத்தில் உள்ள பட்டியலில் மகனை விட்டு இன்றே பார்க்கச் சொல்லுங்கள்.